பழைய பிளாஸ்டிக் ரோபோ கிட் கட்டி பெயின்ட் அடிக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கிட்னு எதைச் சொல்றீங்க? எந்த வருஷத்துக்கு முன்னாடி வந்தது?

வருஷத்தை வெச்சுப் பிரிக்கிறதை விட, க்ளூவும் பெயின்ட்டும் இல்லாம முழுசா ஆகாத கிட் எல்லாம் பழைய கிட்னு வெச்சுக்கிறதுதான் என் கணக்கு. ஜப்பான்ல 1979 ஏப்ரல்ல 'கண்டம்'ங்கிற (Gundam) ரோபோ கார்ட்டூன் டிவி தொடர் ஆரம்பிச்சு 1980 ஜனவரியில முடிஞ்சிருச்சு, அது முடிஞ்சப்புறம்தான் 1980 ஜூலையில பண்டாய் கம்பெனி 1/144 ஸ்கேல்ல முதல் கண்டம் கிட்டை விட்டாங்க, விலை 300 யென். அதுக்கப்புறம் நடந்தது ஒரு வெறி. மத்த கம்பெனிகளும் வேற ரோபோ தொடருங்களுக்கு கிட் விட்டாங்க: அவோஷிமா 'இடியான்' போட்டாங்க, டகாரா 'டக்ராம்', 'வோட்டம்ஸ்' போட்டாங்க, 1982ல 'மேக்ராஸ்' வந்ததும் இமாயும் ஆரியும் சேர்ந்து அதுல இறங்கினாங்க. இந்த டக்ராம், மேக்ராஸ் கிட்டுங்கள்ல கொஞ்சத்தைத்தான் அமெரிக்காவுல ரெவெல் பெட்டியை மாத்தி 'ரோபோடெக் டிஃபென்டர்ஸ்'னு வித்தாங்க, அதனால பெட்டி மேல ரெவெல்னு இருந்தாலும் உள்ள இருக்கிற அச்சு ஜப்பான் அச்சுதான்.

1990ல பண்டாய் ஹெச்ஜி (ஹை கிரேட்) வரிசை ஆரம்பிச்சதோட கதை மாறிருச்சு. க்ளூ வேண்டாம், அழுத்தினா மாட்டிக்கும், பாகமே பல கலர்ல வரும். இந்தப் பக்கத்துல பேசப் போறது அதுக்கு முந்தின ஆளுங்களைப் பத்தி.

இதுவரைக்கும் ஒரு கிட்டும் கட்டினது இல்ல, நேரா பழைய கிட்ல ஆரம்பிக்கலாமா?

தாராளமா. 1/144 கிட்ல பாகங்கள் கம்மி, 18 மீட்டர் ரோபோ 12.5 செ.மீ. பொம்மையா வரும், கைக்கு அடக்கம். புது கிட்ல பாகத்தை வெட்டி மாட்டினாலே பார்க்க நல்லா இருக்கும், ஆனா அதுல மாட்டத்தான் கத்துக்குவீங்க. பழைய கிட்ல ஒட்டுறது, தேய்க்கிறது, அடைக்கிறது, பெயின்ட் எல்லாமே கட்டாயம், அதனால ஒரு கிட் முடிச்சாலே கை பழகிடும். ஒரே ஒரு விஷயம், வாங்கின அன்னிக்கே கட்டி முடிச்சிடணும்னு நினைக்கிறவங்களுக்கு இது ஒத்து வராது, க்ளூ காயறதுக்கே நாள் கணக்குல காத்திருக்கணும்.

நாற்பது வருஷம் சீல் உடைக்காத பெட்டி கையில இருக்கு. திறக்க மனசு வரல. என்ன பண்ண?

முதல்ல அதே கிட் மறுபதிப்பு வந்திருக்கான்னு பாருங்க. பண்டாயோட அந்தக் காலத்து 1/144 அச்சுங்க நிறைய இன்னும் உயிரோட இருக்கு, அப்பப்போ திரும்ப அடிச்சு விடறாங்க. உள்ள இருக்கிற பிளாஸ்டிக் அதே அச்சுல வந்ததுதான். அப்போ பழைய பெட்டியை அலமாரியில வெச்சுட்டு மறுபதிப்பை வெட்டுங்க, ரெண்டு பேருக்கும் நிம்மதி. பெட்டி எந்தக் காலத்துதுன்னு பார்க்கணும்னா, கம்பெனி பேர் 'பண்டாய் மொகெய்'னு இருந்தா அது 1983க்கு முன்னாடி அச்சான பெட்டி, அந்த வருஷம்தான் அந்தக் கம்பெனி தாய்க் கம்பெனியோட சேர்ந்தது. பெட்டியிலயோ பாகத்துலயோ போட்டிருக்கிற காப்புரிமை வருஷத்தை நம்பாதீங்க, அது டிசைனோட வருஷம், மறுபதிப்புலயும் அதே வருஷம்தான் இருக்கும்.

மறுபதிப்பே வராத கிட்னா, அது உங்க மனசாட்சி. என்னைக் கேட்டா, கட்டத்தான் செஞ்சாங்க, கட்டுங்கம்பேன்.

பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை என்ன?

வெட்டாதீங்க. அதான் முதல் வேலை. விளக்கத்தாளை ஸ்கேன் பண்ணுங்க, இல்ல போன்லயாவது தெளிவா போட்டோ எடுங்க, பழைய தாள் மடிப்புல கிழியும், மேல தின்னர் கொட்டினா எழுத்து போயிரும். டெக்கால் (தண்ணியில ஊற வெச்சு ஒட்டுற எழுத்து, சின்னம்) தாளையும் ஸ்கேன் பண்ணிடுங்க, ஏன்னு கீழ டெக்கால் கேள்வியில சொல்றேன். அப்புறம் ரன்னர்ல (பாகங்கள் ஒட்டிட்டு வர்ற பிளாஸ்டிக் சட்டம்) பாகம் எல்லாம் இருக்கான்னு எண்ணிப் பாருங்க, பழைய பெட்டியில பாகம் தானாவே உதிர்ந்து மூலையில கிடக்கும்.

அடுத்தது கழுவுறது. அச்சுல இருந்து பிளாஸ்டிக் ஒட்டாம வர ஒரு எண்ணெய் தடவுவாங்க, அது பாகத்து மேல மிச்சம் இருந்தா பெயின்ட் பிடிக்காது. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு விட்டு, பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு அலசிக் காய வைங்க. கொதிக்கிற தண்ணி வேண்டாம், கிட்டோட பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன், அது வளைஞ்சிரும். சின்னப் பாகம் சிங்க் ஓட்டையில போயிடாம ஒரு வடிகட்டியை கீழ வைங்க.

கிட்டோட ஒரு சின்ன க்ளூ பாக்கெட் இருக்கே, அது வேலை செய்யுமா?

பெரும்பாலும் கல்லாயிருக்கும். தூக்கிப் போடுங்க.

அப்போ எந்த க்ளூ வாங்குறது?

ரெண்டு வேணும். பிரஷ் மூடி வெச்சு வர்ற கெட்டியான சிமென்ட் ஒண்ணு, தண்ணி மாதிரி ஓடுற எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் ஒண்ணு. டமியா கம்பெனியில வெள்ளை மூடி, பச்சை மூடின்னு கேட்டாலே தருவாங்க. இதெல்லாம் பசை கிடையாது, கரைப்பான். ரெண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் இளக்கி ஒண்ணோட ஒண்ணு கலக்க விட்டு அப்புறம் ஆவியாப் போயிடும், காய்ஞ்சப்புறம் அங்க ஒரே பிளாஸ்டிக்தான் இருக்கும். அதனாலதான் பாலிஸ்டைரீன்ல மட்டும் இது பிரமாதமா வேலை செய்யுது, உலோகம், ரப்பர் இதெல்லாம் ஒட்டவே ஒட்டாது, அங்க சூப்பர் க்ளூ.

கண், காக்பிட் கண்ணாடி மாதிரி கிளியர் பாகத்துக்கு சூப்பர் க்ளூ பக்கத்துலயே போகாதீங்க, அதோட ஆவி பட்டு வெள்ளையா பூத்துரும். வெள்ளை நிற மர ஒட்டுப் பசையே போதும், அதிகமானா ஈரத்துணியில துடைச்சிடலாம்.

ரெண்டு பாதியை ஒட்டின இடத்துல கோடு தெரியுது, எவ்ளோ தேய்ச்சாலும் போகல, பெயின்ட் அடிச்சா இன்னும் நல்லா தெரியுது. என்ன தப்பு பண்றேன்?

ரெண்டுல ஒண்ணு. க்ளூ கம்மியா போட்டிருப்பீங்க, இல்ல காயறதுக்கு முன்னாடி தேய்ச்சிருப்பீங்க.

பழைய கிட்ல கை, கால், உடம்பு, தலை எல்லாமே முன்பாதி பின்பாதின்னு ரெண்டா வரும், அதனால ரோபோ முழுக்க இந்தக் கோடு ஓடும். இதை மறைக்கிறது இல்ல, இல்லாம ஆக்கணும். கெட்டியான சிமென்ட்டை ரெண்டு விளிம்புலயும் தாராளமா தடவுங்க, ஒரு நிமிஷம் விடுங்க, இளகட்டும், மறுபடி ஒரு தடவை தடவி ரெண்டையும் சேர்த்து அழுத்துங்க. அழுத்தும்போது கோடு நெடுக இளகின பிளாஸ்டிக் ஒரு மெல்லிசான வரப்பு மாதிரி வெளிய பிதுங்கணும். பிதுங்கலைன்னா அந்த இடத்துல கோடு இருக்கப் போகுதுன்னு அர்த்தம். அந்த வரப்பைத் துடைக்காதீங்க, கை வைக்காதீங்க, அப்படியே டேப் போட்டோ கிளிப் போட்டோ விட்டுடுங்க.

ஒரு நாள் குறைஞ்சபட்சம், ரெண்டு மூணு நாள்னா நல்லது. காய்ஞ்சுதான்னு பார்க்க ஒரு வழி, கோட்டுக்கிட்ட மூக்கை ஒரு தரம் கொண்டு போங்க, க்ளூ வாசம் இன்னும் வந்தா உள்ள ஈரம் இருக்கு. இப்பவே தேய்ச்சா இன்னிக்கு சமமா இருக்கும், ஒரு வாரம் கழிச்சு அந்த இடம் சுருங்கி உள்ள இறங்கி பெயின்ட் மேலேயே பள்ளமா தெரியும்.

காய்ஞ்சப்புறம் வரப்பை கத்தியில லேசா சீவிட்டு 400 நம்பர் உப்புத்தாள், 600, 800, அவ்ளோதான். 2000 வரைக்கும் போறது வீண் வேலை, மேல பிரைமர் (பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) வரப் போகுது, அதுக்குப் பிடிச்சுக்க கொஞ்சம் சொரசொரப்பு வேணும். உப்புத்தாளை வெறும் விரல்ல பிடிக்காம ஒரு தட்டையான குச்சியில ஒட்டிட்டுத் தேய்ங்க, இல்லைன்னா கூர்மையான ஓரமெல்லாம் உருண்டு போய் சோப்புக் கட்டி மாதிரி ஆயிரும். தேய்ச்சு முடிச்சதும் அந்த இடத்துல மட்டும் பிரைமர் அடிச்சு விளக்கை பக்கவாட்டுல இருந்து காட்டிப் பாருங்க, கோடு இருந்தா அப்போ காட்டிக் கொடுத்துரும்.

கையை ஒட்டி கோட்டைத் தேய்க்கணும்னா உள்ள முழங்கை பாகத்தை முன்னாடியே வெச்சு ஒட்டணும், ஆனா அது வேற கலர். முதல்ல பெயின்ட்டா, முதல்ல க்ளூவா?

பழைய கிட்டோட மொத்தத் தலைவலியும் இந்த ஒரு கேள்விதான். மத்ததெல்லாம் பொறுமை இருந்தா முடிஞ்சிரும், இதுக்கு மட்டும் வெட்டுறதுக்கு முன்னாடியே உட்கார்ந்து யோசிக்கணும்.

பிரச்சனை இதுதான். தோள்பட்டை ரெண்டு பாதி, அதுக்கு நடுவுல மேல்கையோட முளை மாட்டிக்கும். தோள்பட்டை வெள்ளை, மேல்கை சாம்பல்னு வைங்க. விளக்கத்தாள் சொல்றபடி நடுவுல வெச்சு ஒட்டினா, கோட்டைத் தேய்க்கும்போது மேல்கை குறுக்க நிக்கும், வெள்ளை அடிக்கும்போது அதை மாஸ்க் பண்ணணும், அதாவது டேப் போட்டு மூடணும், மூட்டு இடுக்குல டேப் போகாது. முன்னாடியே மேல்கைக்கு பெயின்ட் அடிச்சுட்டு ஒட்டினா, தேய்க்கும்போது அந்த பெயின்ட் போயிரும்.

இதுக்கு ஜப்பான்காரங்க கண்டுபிடிச்ச வழி அத்தோஹமே, அதாவது எல்லாம் முடிஞ்சப்புறம் கடைசியா மாட்டுறது. செய்யறது சின்ன வேலை. தோள்பட்டை உள்ள அந்த முளை உட்காரும் வளையம் இருக்கு பாருங்க, மூடின வட்டமா இருக்கும். அதுல ஒரு பக்கத்தை வெட்டி எடுத்து, வளையத்தை 'சி' வடிவத்துக்கு மாத்துங்க. இப்போ தோள்பட்டையை தனியா ஒட்டலாம், தேய்க்கலாம், வெள்ளை அடிக்கலாம். மேல்கையை தனியா சாம்பல் அடிக்கலாம். கடைசியில அந்த வாய் வழியா முளையை அழுத்தினா டக்குனு உள்ள போய் உட்காரும்.

வாயோட அகலம்தான் சூட்சுமம். முளை 3 மி.மீ. தடிமன்னா வாய் 2.5 மி.மீ. கிட்ட இருக்கணும். அதை விட அகலமா போனா கை கழண்டு கழண்டு விழும், ரொம்ப குறுகலா இருந்தா அழுத்தும்போது வளையம் விரிசல் விடும். அதனால நிப்பர்ல ஒரே கடியா கடிக்காம, ரெண்டு வெட்டுக் கோடு கத்தியில போட்டு, கொஞ்சம் கொஞ்சமா அராவி அராவி முளையை மாட்டிப் பாருங்க. இதெல்லாம் ஒட்டுறதுக்கு முன்னாடி, ரெண்டு பாதியும் டேப்ல பிடிச்சிருக்கும்போதே பார்த்துடணும். வாய் எந்தப் பக்கம் திறக்குதுன்னும் பாருங்க, கை மாட்டினப்புறம் வெளிய தெரியாத பக்கமா இருக்கணும், ரோபோ நிக்கும்போது எடை இழுக்கிற பக்கமா இருக்கக் கூடாது.

தலையும் இப்படித்தான். ரெண்டு ஹெல்மெட் பாதிக்கு நடுவுல முகம் மாட்டிக்கிற மாதிரி நிறைய கிட் இருக்கும். முகத்தைப் பிடிக்கிற முளையை அராவிட்டு, ஹெல்மெட்டை ஒட்டி முடிச்சு, கீழ இருந்து முகத்தை நுழைக்க வழி இருக்கான்னு பாருங்க. பெரும்பாலும் இருக்கும். வழியே இல்லைன்னா முகத்தை முதல்ல அடிச்சு, அதை மட்டும் டேப்பும் மாஸ்கிங் திரவமும் போட்டு மூடிட்டு ஹெல்மெட்டை ஒட்டுங்க.

எல்லா மூட்டுக்கும் இதைச் செய்யணும்னு கிடையாது. ரெண்டு பக்கமும் ஒரே கலர்னா சும்மா ஒட்டிட்டுப் போங்க. பெட்டி திறந்த அன்னிக்கே ஒரு பேப்பர்ல எந்த மூட்டுல கலர் மாறுதுன்னு வட்டம் போட்டுக்கோங்க, அந்த வட்டத்துல மட்டும்தான் வேலை.

பாகத்து மேல சின்னச் சின்ன குழி இருக்கு, ஓரத்துல மெல்லிசா தோல் மாதிரி நீட்டிட்டு இருக்கு. டேமேஜ் பீஸா?

இல்ல. குழி வர்றது பிளாஸ்டிக் ஆறும்போது, பின்னாடி முளையோ தடுப்போ இருக்கிற தடிமனான இடம் மெதுவா ஆறி உள்ள சுருங்கும், மேல்புறம் குழி விழும். தோல் மாதிரி இருக்கிறது ஃப்ளாஷ், அச்சோட ரெண்டு பாதிக்கு நடுவுல கசிஞ்ச பிளாஸ்டிக், அச்சு தேய்ஞ்சிருந்தா அதிகமா வரும், கத்தியை நிமிர்த்திப் பிடிச்சு சுரண்டினாலே போயிரும்.

ஆழமில்லாத குழியை தேய்ச்சே சமப்படுத்தலாம். கொஞ்சம் ஆழம்னா சூப்பர் க்ளூவை ஒரு சொட்டு விட்டு காய்ஞ்சதும் தேய்ங்க, ஆனா அன்னிக்கே தேய்ச்சிடணும், நாள் ஆக ஆக அது பிளாஸ்டிக்கை விட கடினமாயிரும், சுத்தி இருக்கிற பிளாஸ்டிக்தான் தேயும். பெரிய ஓட்டை, வெற்றா விட்ட உள்ளங்கால், பின்பக்கம் இதுக்கெல்லாம் எபாக்ஸி புட்டி, அது சுருங்காது. ட்யூப்ல வர்ற லாக்கர் புட்டி சுருங்கும், மெல்லிசா போட்டு காய விட்டு மறுபடி போடணும்.

கை கால் சரியா மடங்கவே இல்ல. புது கிட் மாதிரி எல்லா மூட்டும் ஆடுற மாதிரி மாத்தணுமா?

மாத்தலாம், பாலிகேப் (மூட்டுக்குள்ள வைக்கிற மெத்துனு இருக்கிற பிளாஸ்டிக் பாகம்), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு) தனியா விக்கிறாங்க, இடுப்புல ஒரு பால் ஜாயின்ட் போட்டா காலை விரிச்சு நிக்க வைக்கலாம். அதோட நிறுத்திக்கோங்கன்னு சொல்வேன். முழங்காலை வெட்டி, தொடையை நீட்டி, தலையைச் சின்னதாக்கி எல்லாம் பண்றவங்க இருக்காங்க, கைவேலை அபாரமா இருக்கும், ஆனா கடைசியில வர்றது சுமாரான புது கிட் ஒண்ணு, அதுக்கு புது கிட்டையே வாங்கியிருக்கலாம். கொஞ்சம் குண்டா, கால் பட்டையா, விறைப்பா நிக்கிறதுதான் இந்த கிட்டோட அழகே.

தளர்ந்த மூட்டுன்னா, முளை மேல சூப்பர் க்ளூவை மெல்லிசா தடவி முழுசா காய விட்டு அப்புறம் மாட்டுங்க, இறுக்கமாயிரும். காயாம மாட்டினா வாழ்நாளுக்கும் ஒரே போஸ்தான்.

லாக்கர், அக்ரிலிக், எனாமல்... இதுல எது?

லாக்கர் சீக்கிரம் காயும், பிளாஸ்டிக்கை கெட்டியா பிடிச்சுக்கும், நாத்தமும் கெடுதலும் அதிகம். அக்ரிலிக்ல ரெண்டு வகை, டமியா மாதிரி ஆல்கஹால் கலந்தது ஸ்ப்ரே பண்ண அருமை, வல்லேஹோ மாதிரி தண்ணியில கரையறது கையால அடிக்க அருமை. எனாமல் மெதுவா காயும், அதனால பிரஷ் தடம் தானா சமமாயிடும், சின்ன டீட்டெயில் வரைய நல்லது.

எது மேல எது அடிக்கலாம்ங்கிறதுதான் முக்கியம். கீழ லாக்கர், மேல அக்ரிலிக், அதுக்கும் மேல எனாமல். தலைகீழா போனா, லாக்கர் தின்னர் கீழ இருக்கிற எனாமலைச் சுருட்டி எடுத்துரும்.

எனாமல் தின்னர் பத்தி ஒரு எச்சரிக்கை. பெயின்ட் இல்லாத வெறும் பிளாஸ்டிக்ல, அதுவும் இறுக்கமா மாட்டின மூட்டுல இது ஊறினா பிளாஸ்டிக் விரிசல் விட்டு உடையும். இப்போ நல்லா இருக்கும், மறுநாள் பார்த்தா முளை ரெண்டா கிடக்கும். மூட்டைக் கழட்டிட்டு அடிங்க, ஊத்தாதீங்க.

ஏர்பிரஷ் இல்லாம முடியுமா?

முடியும். 1980ல இந்த கிட்டைக் கட்டின பசங்கள்ல முக்கால்வாசிப் பேர் கையாலதான் அடிச்சிருப்பாங்க. தட்டையான நல்ல பிரஷ், பெயின்ட்டை நீர்க்க கலக்கி, முதல் கோட் திட்டுத் திட்டா கேவலமா இருக்கும், இருக்கட்டும், அதைச் சரி பண்ணப் போகாதீங்க. காய்ஞ்சதும் இரண்டாவது கோட் குறுக்கு வாட்டுல, அப்புறம் மூணாவது. அடிச்ச இடத்துல பாதி காய்ஞ்சிருக்கும்போது திரும்ப பிரஷ் வெச்சா பெயின்ட் பிடுங்கிட்டு வரும், கெடுறது அங்கதான். கடைசியில மேட் கிளியர் (பளபளப்பும் நிறமும் இல்லாத மேல்பூச்சு) அடிச்சா மிச்சம் இருக்கிற தடமும் பாதி மறைஞ்சிரும்.

ஸ்ப்ரே கேன்னா 20-30 செ.மீ. தள்ளிப் பிடிங்க, பாகத்துக்கு வெளிய அழுத்த ஆரம்பிச்சு, பாகத்தைத் தாண்டி விடுங்க, மெல்லிசா பல கோட். ஏர்பிரஷ்னா 0.3 மி.மீ. நாசில், 15 பிஎஸ்ஐ கிட்ட அழுத்தம், பெயின்ட் ஒரு பங்குக்கு தின்னர் ஒண்ணுல இருந்து ரெண்டு பங்கு, பால் மாதிரி ஓடணும்.

மழை நாள்ல லாக்கர் அடிக்காதீங்க. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காத்துல இருக்கிற ஈரம் அதுல படிஞ்சு பெயின்ட் வெளுத்துரும். அடிச்சே ஆகணும்னா ரிடார்டர் கலந்து காயறதை மெதுவாக்கிக்கோங்க.

வெள்ளையும் மஞ்சளும் எத்தனை கோட் அடிச்சாலும் மூட மாட்டேங்குதே?

மூடாது, அந்தக் கலருங்களோட குணமே அப்படி. கீழ என்ன இருக்குங்கிறதுதான் விஷயம். வெள்ளைக்கு கீழ வெளிர் சாம்பல் பிரைமர் போதும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் கீழ பிங்க் அடிச்சுப் பாருங்க, அல்லது குறைஞ்சது வெள்ளையாவது, ரெண்டு கோட்ல பளிச்சுன்னு வரும். கரும் சாம்பல் மேல நேரா மஞ்சள் அடிச்சா பச்சை கலந்த அழுக்கு மஞ்சள்தான் கிடைக்கும். மாஸ்க் பண்ணும்போதும் வெளிர் கலரை முதல்ல அடிச்சு மூடிட்டு அப்புறம் அடர் கலருக்குப் போங்க.

சுத்தமான வெள்ளை மட்டும் வேண்டாம், துளி சாம்பலோ நீலமோ கலந்துக்கோங்க, இல்லைன்னா பொம்மைக்கடை பொம்மை மாதிரி இருக்கும்.

கலர் எதைப் பார்த்து முடிவு பண்றது? பெட்டிப் படம், விளக்கத்தாள், டிவி மூணும் வேற வேற மாதிரி இருக்கு.

பெட்டிப் படம். என் கட்சி அதுதான். டிவியில வந்தது செல் அனிமேஷனுக்கு வசதியான தட்டையான கலர், விளக்கத்தாள் எந்த பெயின்ட்டை எவ்ளோ கலக்கணும்னு வழி சொல்லும், ஆனா பெட்டி ஓவியத்துலதான் உலோகத்தோட கனம், நிழல், புகை எல்லாம் இருக்கு. மாஸ்கிங் கோடு எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க விளக்கத்தாள், கலருக்கு பெட்டி.

பேனல் கோடு (பாகத்து மேல செதுக்கியிருக்கிற தகடு பிரியுற கோடு) எப்படி போடறது?

லாக்கர் மேல பளபளப்பான கிளியர் ஒரு கோட், காய்ஞ்சதும் நீர்க்கக் கரைச்ச எனாமலை பிரஷ் நுனியில கோட்டுல தொட்டா தானா ஓடிடும். வழிஞ்சதை எனாமல் தின்னர் தொட்ட பஞ்சுக்குச்சியில துடைங்க. வெள்ளை பாகத்துக்கு சாம்பல், சிவப்புக்கு அடர் பிரவுன், எல்லாத்துக்கும் கறுப்பு போட்டா கார்ட்டூன் மாதிரி ஆகும். ஒட்டின கோட்டைத் தேய்க்கும்போது பேனல் கோடு அழிஞ்சிருந்தா பிரைமருக்கு முன்னாடியே, ஒரு கெட்டியான டேப்பை ஓரமா ஒட்டி அதை ஒட்டியே ஊசியால நாலஞ்சு தடவை லேசா இழுங்க. ஒரே இழுப்புல ஆழமா போகணும்னு நினைச்சா வழுக்கிட்டு பக்கத்துல கீறல் விழும்.

டெக்கால் மஞ்சளாயிருச்சு, தண்ணியில போட்டா தூள் தூளா உடையுது.

ரெண்டும் வேற வேற வியாதி. மஞ்சள்னா, தாளை ஒரு கிளியர் கவர்ல போட்டு வெயில் படற ஜன்னல் கண்ணாடியில சில நாள் ஒட்டி வைங்க, நல்லாவே வெளுக்கும். உடையறதுக்கு, மைக்ரோஸ்கேல் விக்கிற லிக்விட் டெக்கால் ஃபிலிமையோ லாக்கர் கிளியரையோ தாள் மேல மெல்லிசா ஒரு கோட் போட்டு காய விட்டா புது தோல் கிடைக்கும், ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு டெக்காலையும் ஓரமா நீங்கதான் வெட்டணும், எல்லாம் ஒரே தோலா ஒட்டியிருக்கும். முதல்ல தேவையில்லாத ஒண்ணை வெட்டி தண்ணியில போட்டுப் பாருங்க, உடையுதா இல்லையான்னு தெரியும். அப்படியும் காப்பாத்த முடியலைன்னா, முன்னாடி ஸ்கேன் பண்ணி வெச்சீங்கல்ல, அதை வெற்று டெக்கால் தாள்ல பிரின்ட் எடுங்க. வெள்ளை எழுத்து மட்டும் சாதா பிரின்டர்ல வராது.

ஒட்டுறது எப்பவும் பளபளப்பான கிளியர் மேல. மேட் மேல ஒட்டினா அடியில காத்து மாட்டி வெள்ளியா மின்னும். வளைஞ்ச இடத்துல மார்க் சாஃப்டர் (டெக்காலை இளக்குற திரவம்) தொட்டா சுருங்கின மாதிரி பயமுறுத்தும், கை வைக்காதீங்க, காயும்போது தானா படிஞ்சுரும்.

பழசுல யாரோ கட்டி பெயின்ட் அடிச்ச பீஸ் கிடைச்சிருக்கு. திரும்ப கட்டலாமா?

கட்டலாம், எனக்குப் பிடிச்ச வேலையே அதான். அக்ரிலிக்னா ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல ஊற வெச்சு பிரஷ்ல தேய்ச்சா வந்துரும், பாலிஸ்டைரீனுக்கு ஒண்ணும் ஆகாது. லாக்கர் மெதுவா, திட்டுத் திட்டா வரும். பழைய எனாமல் பிடிவாதம் பிடிக்கும், வராத இடத்தை தேய்ச்சு சமமாக்கிட்டு மேல பிரைமர் போட்டுடுங்க. லாக்கர் தின்னர்ல முக்கினா பெயின்ட்டோட ரோபோவும் போயிரும். நல்லா பிடிச்ச சிமென்ட்டைப் பிரிக்க முடியாது, அது ஒரே பிளாஸ்டிக் ஆயிடுச்சு, கோட்டு வழியா ரம்பத்துல அறுத்துத்தான் பிரிக்கணும். அரைகுறையா ஒட்டினதை ஃப்ரீசர்ல கொஞ்ச நேரம் வெச்சு எடுத்து லேசா முறுக்குங்க, சில சமயம் பட்டுனு விட்டுக் கொடுக்கும்.

வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாயிருக்குன்னு கவலைப்படாதீங்க, பெயின்ட் அடிக்கப் போறோம்.

மூஞ்சில மாஸ்க் கட்டாயமா?

ஆமா. தேய்க்கும்போது தண்ணி தொட்டுத் தேய்ச்சா தூள் பறக்காது, சாதா தூசி மாஸ்க் போதும். ஸ்ப்ரே பண்ணும்போது அந்த மாஸ்க் பிரயோஜனமே இல்ல, கரைப்பான் ஆவியைப் பிடிக்கிற கார்ட்ரிட்ஜ் வெச்ச மாஸ்க் வேணும், ஜன்னல் திறந்திருக்கணும், பக்கத்துல நெருப்பு கூடாது.

மிச்ச ரன்னரை எல்லாம் குப்பையில போட்டுடலாமா?

ஐயோ, போடாதீங்க. அதே கிட்டோட அதே பிளாஸ்டிக் அது. சின்னச் சின்னதா நறுக்கி, கால்வாசி மிச்சம் இருக்கிற எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் பாட்டில்ல போட்டு மூடி ராத்திரி முழுக்க விடுங்க, கூழாயிரும். ரொம்ப கெட்டியா இருந்தா சிமென்ட் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, நீர்த்துப் போனா ரன்னர் இன்னும் ரெண்டு துண்டு. பாகங்களுக்கு நடுவுல இடைவெளி இருக்கிற இடத்துல இதைத் தடவினா பாகத்தோட பாகமா இறுகிரும், தேய்க்கும்போது புட்டி மாதிரி வேற கடினத்துல இருக்காது. காயும்போது சுருங்கும், அதனால மேடா வெச்சு ரெண்டு மூணு நாள் விட்டுத் தேய்ங்க. உடைஞ்சு போன ஆன்டெனாவுக்கும் ரன்னர்தான், மெழுகுவர்த்தி சுடருக்கு மேல சூட்டுல காட்டி, இளகினதும் வெளிய எடுத்து ரெண்டு பக்கமும் இழுத்தா முடி மாதிரி கம்பி வரும், இழுக்கிற வேகம் கூடினா கம்பி இன்னும் மெல்லிசா வரும்.